சின்னம்மாவை வைத்த மேட்டு நிலம்

சின்னம்மா செத்தபோது எங்கள் உறவுக்காரர்கள் யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை. ரத்த உறவு கிடையாது, சாதி வேறு, மதமும் வேறு, அவளுக்காக எதற்குத் தீட்டுக் காக்கவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். இது 1991இல் நடந்தது. அவர்களுக்குச் சொல்லவேண்டிய பதிலை அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். இப்போது நான் எழுதுவது யாரையும் சமாதானப்படுத்துவதற்காக இல்லை. அன்று நடந்ததை எல்லோரும் அவரவர் வசதிக்கு மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

அவளை ‘அவள்’ என்றுதான் எழுதுவேன். பெற்ற அம்மாவை அப்படித்தானே எழுதுகிறோம்.

நான் பிறந்ததே அவளுடைய இட்லிக் கடையில்தான். அம்மாவுக்கு வலி எடுத்ததும் அப்பா படப்பையில் ஒரு டாக்ஸியைப் பிடித்துவந்து, சேரப்பணஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார். சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று தண்டவாளத்தை மறித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. கேட் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா கேட்கீப்பரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சாலையோரக் கடையிலிருந்து ஒரு பெண் வந்து டாக்ஸிக்குள் எட்டிப் பார்த்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர்களைத் தட்டோடு வெளியே அனுப்பிவிட்டு, பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள். கேட் திறந்தபோது நான் பிறந்து அழுதுகொண்டிருந்தேனாம்.

அவள் அதற்கு முன்னால் பிரசவம் பார்த்ததில்லை. அவளுக்குப் பிள்ளையும் கிடையாது. பயமாக இல்லையா என்று பின்னால் ஒருமுறை கேட்டேன். பயமாகத்தான் இருந்தது, ஆனால் உங்கப்பன் நின்ற கோலத்தைப் பார்த்தபோது அவரைவிட எனக்குப் பயம் குறைச்சல் என்று தெரிந்தது என்றாள்.

அன்று தொடங்கியதுதான் அம்மாவுக்கும் அவளுக்கும் இருந்த சிநேகம். அம்மாவைவிட அவள் கொஞ்சம் வயதில் சின்னவள், அதனால் எனக்குச் சின்னம்மா. பொங்கல் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டிலிருந்து புது அரிசி அவள் கடைக்குப் போகும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவள் அதிரசமும் முறுக்கும் சுட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருவாள். வந்தால் அன்று அம்மாவுக்கு அடுப்படி வேலை ஓடாது. இருவரும் களத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டு பேசுவார்கள். எங்கள் வீட்டில் அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அந்த நாட்களில் மட்டும்தான். அப்பாவின் அண்ணன், பக்கத்து வீட்டில் இருந்த பெரியப்பா, அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கே முகம் சுளிப்பார்.

சின்னம்மா மேல் ஊருக்கு இருந்த கோபம் வேறு. அவள் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கோயிலில் வைத்துத் தாலி கட்டியவன், கல்யாணம் ஆன கொஞ்ச காலத்தில் மெட்ராஸுக்கு வேலை தேடிப் போவதாகச் சொல்லிப் போனான். திரும்பவில்லை. அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று செய்தி மட்டும் வந்தது. அதன் பிறகுதான் அவள் கேட் பக்கத்தில் கடை போட்டாள். சில வருஷம் கழித்து, ரயில்வே வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார் ஒருவர் தினமும் அங்கே சாப்பிட்டார். வேலை முடிந்து கூட வந்தவர்கள் எல்லாம் ஊருக்குப் போனார்கள். அவர் போகவில்லை. நான் அறிவு தெரிந்து பார்க்கும்போது அவர் சின்னம்மாவோடுதான் இருந்தார். எங்களுக்கு அவர் சித்தப்பா. இந்து. அதிகம் பேசமாட்டார்.

அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுடைய சபையில் அதற்கு வழியில்லை, கட்டியவன் உயிரோடு இருந்தான். அவளுக்குக் கோயிலில் நன்மை, அதாவது பூசையில் தரும் அப்பம், கொடுப்பதை நிறுத்தினார்கள். அவள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதை நிறுத்தவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது அவள் மட்டும் உட்கார்ந்தே இருப்பாள். ஒருமுறை பங்குச் சாமியார் கடைக்கே வந்து, அந்த மனிதரை அனுப்பிவிடும்படி புத்தி சொல்லியிருக்கிறார். அவள் அவருக்கு டீ ஆற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்ன பதில் எங்கள் பக்கம் வெகுநாள் உலவியது:

“போனவன நீங்க கூட்டியாங்க சாமி. அவன் வந்து நின்னான்னா இவர நான் அனுப்பிடறேன்.”

சாமியார் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

1991 தொடக்கத்தில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. செங்கல்பட்டில் பார்த்தார்கள், பிறகு மெட்ராஸில் பார்த்தார்கள். முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். கடைக்குப் பின்னால் அவர்கள் இருந்தது ஒரே அறை. ரயில் போகும்போதெல்லாம் சுவர் அதிரும், அவளுக்கு வலி கூடும். அம்மா அப்பாவிடம் யோசனை கேட்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் டாக்ஸி வைத்துக்கொண்டுபோய் அவளைக் கூட்டிவந்து எங்கள் வீட்டு நடு அறையில் படுக்கவைத்தாள். அப்பா வயலிலிருந்து வந்து பார்த்தார், கை கால் கழுவினார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்தாயா என்று கேட்டார். அவ்வளவுதான் அந்த வீட்டில் நடந்த விவாதம்.

பெரியப்பா அப்படி விடவில்லை. எனக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் சாகக் கிடக்கிறவளைக் கொண்டுவந்து போடுவதா, அதுவும் யாரோ ஒருத்தியை என்று கத்தினார். அந்தச் சமயத்தில்தான் வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. காபி கொடுத்தாயிற்று, பெயர் படிப்பு எல்லாம் கேட்டாயிற்று. உள்ளே இருமல் கேட்டதும் மாப்பிள்ளையின் அம்மா யார் படுத்திருப்பது என்று விசாரித்தார். என் தங்கச்சி என்றாள் அம்மா. பெரியப்பா அவசரமாகக் குறுக்கே விழுந்து, கூடப் பிறந்தவள் இல்லை, கேட்டில் இட்லிக் கடை வைத்திருந்த ஒரு கிறிஸ்தவப் பெண், பாவம் என்று வைத்திருக்கிறோம் என்று விளக்கினார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தபடி மறுபடியும் சொன்னாள், என் தங்கச்சி.

அவர்கள் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவில்லை. நான் உள்ளே போய் உட்கார்ந்தபோது சின்னம்மா கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தாள்.

“போனாங்களா?”

“போய்ட்டாங்க.”

“போவட்டும். நோவு எப்பிடிகீதுன்னு கேட்டிருந்தா நல்ல வூடு. யாருன்னு கேட்டாங்க பாரு, அந்த வூட்டுக்கு நீ போவாத.”

போகவில்லை. வேறு இடத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது, நன்றாகவே இருக்கிறேன்.

ஆடி மாதத்தில் ஒரு விடியலில் அவள் போய்விட்டாள். சித்தப்பா தலைமாட்டில் இருந்தார், அம்மா கால்மாட்டில் இருந்தாள். அம்மா அழுது முடித்த பிறகு குளிப்பாட்டி, அவளுக்குப் பிடித்த கத்தரிப்பூ நிறச் சேலையைக் கட்டி, செபமாலையைக் கையில் சுற்றிவிட்டாள். அப்பாவும் சித்தப்பாவும் அவளுடைய கோயிலுக்கு விஷயத்தைச் சொல்லிக் குழி வெட்டப் போனார்கள். அது எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை.

மூன்று பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து அவர்களை நிற்கவைத்துப் பேசியிருக்கிறார்கள். கட்டிய புருஷன் இருக்க இன்னொருவரோடு வாழ்ந்தவள், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் செத்தவள், கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. சாமியார் ஊரில் இல்லை, இருந்தாலும் இதைத்தான் சொல்வார் என்றார்களாம். அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு மதில் எழுப்பியது சித்தப்பா. சின்னம்மா கேட்டுக்கொண்டாள் என்பதற்காக, கூலி என்ற பேச்சே இல்லாமல் கல் சுமந்து கட்டிக் கொடுத்தவர். அதை அப்பா நினைவுபடுத்தியபோது, செய்த தர்மத்துக்குக் கடவுள் பலன் தருவார் என்றிருக்கிறார்கள். சித்தப்பா மதிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டார் என்று அப்பா சொன்னார்.

எங்கள் ஊர்ச் சுடுகாட்டில் கேட்பது என்று அடுத்த யோசனை. கேட்கும் முன்னாலேயே பதில் வந்துவிட்டது. தெருவில் நாலு பேர் பெரியப்பா வீட்டு வாசலில் கூடி, வேற்றாள் பிணத்தை அங்கே விட முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் சின்னம்மா சேலை கட்டி, பூ வைத்துக் கிடந்தாள். போவதற்கு இடமில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். ஒரகடம் பக்கத்தில் அவளுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. அவள் அப்பா சீராக எழுதிக் கொடுத்தது, அவள் பெயரிலேயே இருந்தது. மழை பெய்தால் கடலை போடுவோம், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும்.

“அங்க வெக்கலாம். ஆளுங்கள அனுப்பி குழி வெட்டச் சொல்லு” என்றாள் அப்பாவிடம்.

பெரியப்பா பாய்ந்து வந்தார். “நெலத்துல பொணத்த வெச்சா நாளைக்கு எவன் அந்த நெலத்த வாங்குவான்?”

“விக்கறவங்க அந்தக் கவலய படட்டும் மாமா. நான் விக்கப் போறதில்ல.”

“ஊர் இன்னா பேசும்?”

“ஊருதான் எடமில்லன்னு பேசி முடிச்சிட்டுதே. இனி நான் பேசறேன், கேக்கட்டும்.”

அப்பா அதுவரை தன் அண்ணன் எதிரில் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. அன்றும் சத்தம் போடவில்லை. மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, அண்ணனைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். ஆள் அனுப்பவில்லை, அவரே போனார். சித்தப்பாவும் பின்னால் போனார்.

மத்தியானத்துக்கு மேல் டிராக்டரில் அவளை ஏற்றினோம். தெருவில் கதவுகள் சாத்தியிருந்தன. அம்மாவும் நானும் டிரெய்லரில் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். பெண்கள் இடுகாட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லத் தெருவில் ஆள் இல்லை, அதுவும் ஒரு வசதியாகப் போயிற்று.

அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சாலைகளில் எந்நேரமும் போலீஸ். நாலு பேர் சேர்ந்து நின்றால் வந்து கேட்பார்கள். ஒரகடம் கூட்டு ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எங்களை நிறுத்தினார்கள். நிறுத்தியதற்குக் காரணம் டிராக்டர் இல்லை. எங்களுக்குப் பின்னால் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அப்போதுதான் நானும் திரும்பிப் பார்த்தேன். லாரிகளுக்குப் பின்னால் ஒரு வேன், சைக்கிள்கள், டிவிஎஸ் வண்டிகள். கேட்கீப்பர் மூலமாகச் செய்தி பரவியிருக்கிறது. ஸ்டேஷனில் பூ விற்கிறவள், கொய்யாக் கூடைக்காரிகள், மறைமலை நகர் கம்பெனிகளில் ஷிப்டு முடிந்து கேட் கடையில் டிபன் சாப்பிடும் பையன்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் டிரெய்லருக்கு அருகில் வந்தார். யார் இறந்தது, எந்த ஊர், எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். பிறகு லாரிகளைக் காட்டி, கட்சிக்காரியா, இவ்வளவு கூட்டம் எதற்கு, அனுமதி இல்லாமல் கூட்டம் சேர்க்கக் கூடாது என்றார். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னாள்.

“கூட்டம் இல்ல சார். இவங்கல்லாம் இவ கையால சாப்ட்டவங்க.”

அவர் அம்மாவைப் பார்த்தார். சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தார். சீக்கிரம் முடித்துக்கொண்டு கலைந்து போகும்படி சொல்லிவிட்டு வழி விட்டார்.

நிலத்தில் குழி தயாராக இருந்தது. மேட்டு மண், அடியில் இறுகிப்போன சுக்கான் கல். அப்பாவின் உள்ளங்கை கிழிந்திருந்தது. இறக்கும் நேரம் வந்தபோதுதான் யார் செபம் சொல்வது என்ற கேள்வி வந்தது. சித்தப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குச் சின்னம்மா சொல்லிக்கொடுத்த ‘அருள் நிறைந்த மரியே’ செபம் பாதி தெரியும். லாரிக்காரர்கள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு நின்றார்கள். அப்போது வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். அவளுடைய கோயிலில் செபம் சொல்லும் உபதேசியார். வெள்ளை அங்கி இல்லை, லுங்கியும் சட்டையும்தான். மூச்சு வாங்கியது.

“கோயில் சார்பா நான் வரலம்மா” என்றார் அம்மாவிடம். “அக்காவுக்குத் தெரிஞ்சவன்னு வந்திருக்கேன்.”

“அதான் வேணும். சொல்லுங்க” என்றாள் அம்மா.

அவர் புத்தகம் கொண்டுவரவில்லை. தெரிந்ததை எல்லாம் சொன்னார், பாடினார். அவசரப்படவில்லை. அடுத்த ஞாயிறே அவரைக் கோயில் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அதற்காக அவர் வருத்தப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

கல்லறையைச் சித்தப்பா கட்டினார். பகலில் கடையைப் பார்த்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பூசினார். தலைப்பக்கம் சிலுவை, கீழே அவள் பெயர். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வேண்டியவர்கள் வந்து படித்துக்கொள்ளலாம்.

அடுத்த வருஷம் கட்டியவன் வந்தான். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, கூட இரண்டு ஆட்கள். கேட்டுக் கடை தன் மனைவியுடையது, ஆகவே தன்னுடையது என்றான். சித்தப்பா அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கேட்கீப்பரும் லாரிக்காரர்களும் அது ரயில்வே இடம், அங்கே உட்கார்ந்து உழைக்கிறவருக்குத்தான் கடை என்று அவனுக்குப் புரியவைத்திருந்தார்கள். அவன் குரல் இறங்கியிருந்தது. கடை வேண்டாம், பெண்டாட்டியின் கல்லறையையாவது பார்க்கிறேன் என்று அம்மாவிடம் கேட்டான். கண் கலங்கியிருந்தது. அம்மா சரி என்று அவனைப் பஸ்ஸில் கூட்டிவந்தாள். நானும் கூடப் போனேன். சாலையிலிருந்து நிலத்துக்கு இறங்கும் வரப்பில் நின்றாள்.

“இங்கருந்தே பாத்துக்க. உள்ள உனக்கு வேல இல்ல.”

“நான் தாலி கட்டினவம்மா.”

“தெரியும். நீ கட்டினதாலதான் அவளுக்கு அங்க எடமில்லன்னாங்க. இந்த எடம் நான் குடுத்தது. இங்க யாரு நொழையலாம்னு நான்தான் சொல்லுவேன்.”

அவன் வரப்பிலேயே குந்தி உட்கார்ந்து அழுதான். அவன் அழுது முடிக்கும்வரை அம்மா காத்திருந்து, அவனைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். அவள் செத்த பிறகும் அந்த மனிதனை மன்னிக்கக் கூடாதா, இவ்வளவு கல் நெஞ்சு ஆகுமா என்று இன்றுவரை என்னிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மன்னிக்க வேண்டியவள் செத்துப்போயிருந்தாள். அவள் சார்பில் மன்னிக்கும் அதிகாரத்தை அம்மா தானாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் எடுத்துக்கொள்ளமாட்டேன்.

பின்னால் சித்தப்பாவும் போனார். அவரையும் அங்கேயே, அவள் பக்கத்தில் வைத்தோம். அந்த முறை யாரும் கேள்வி கேட்கவில்லை. பெரியப்பாகூட வந்து ஒரு பிடி மண் போட்டார்.

ஒரகடம் மாறியது எல்லோரும் அறிந்த கதை. பெரியப்பாவின் பிள்ளைகள் விற்றார்கள், என் தம்பியும் தன் பங்கை விற்றான். அவன் இப்போது ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், அவன் கையெழுத்துப் போட்டு விற்ற வயலின் மேலேயே அவன் லைன் ஓடுகிறது. அதில் எனக்கு அவன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. மேட்டு நிலத்தை மட்டும் அம்மா உயிரோடு இருக்கும்போதே என் பெயருக்கு மாற்றி எழுதிவிட்டாள். இரண்டு பக்கமும் கம்பெனி மதில், நடுவில் நான். பிணம் கிடக்கும் நிலத்தை எவன் வாங்குவான் என்று பெரியப்பா கேட்டாரே, வாங்க ஆள் வரிசையில் நிற்கிறார்கள். கல்லறை ஒரு பிரச்சினையே இல்லை மேடம், மரியாதையாக வேறு இடத்துக்கு மாற்றிக் கொடுத்துவிடுவோம் என்கிறார்கள். நான் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைக்கிறேன்.

போன வருஷம் அவளுடைய கோயிலிலிருந்தே ஆள் வந்தது. புதிதாக வந்த இளம் சாமியார், கூடச் சபைப் பெரியவர்கள் இருவர். நல்ல பையன். பழையதைக் கேள்விப்பட்டு மனம் கஷ்டப்பட்டதாகச் சொன்னார். எலும்புகளை முறைப்படி எடுத்துக் கல்லறைத் தோட்டத்தில் பூசை வைத்து அடக்கம் செய்ய விரும்புகிறார்கள். இப்போது இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம். அவளுக்கு மட்டுமா, பக்கத்தில் இருக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்தா என்று கேட்டேன். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஞானஸ்நானம் பெறாதவர், அதில் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது என்றார் சாமியார், உண்மையாகவே சங்கடப்பட்டு.

“வேணாம் சாமி” என்றேன். “அவங்க எங்கயும் வரல. நீங்க வாங்க.”

நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று அவர் வந்தார். பெரியவர்கள் வரவில்லை, பெண்கள் ஏழெட்டுப் பேர் மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஷிப்டு மாறும் நேரம், கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. சாமியார் சத்தத்தை உயர்த்திச் செபம் சொன்னார். இரண்டு கல்லறைக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்தார். நான் கேட்காமலேயே செய்தார். நான் நன்றி சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் தாமதமாக வந்த ஒன்றுக்கு நன்றி எதற்கு? அடுத்த வருஷமும் வரச் சொன்னேன்.